முதல் நூறு பீஸ்

அத்தியாயம் பதினான்கு

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் வனஜா பெடலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தாள் அல்லவா, ஊசி அங்கே இல்லை. ஞாயிறு முழுக்க அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. திங்கள்கிழமை விடிந்துவிட்டது.

ஊசி என்றால் தையல் ஊசி இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி. தகட்டை அழுத்திக் கார் பீஸ் அடிக்கிற நான்காம் நம்பர் பிரஸ்ஸின் முன்கதவு திறந்திருக்கும்வரை, காலால் எத்தனை மிதித்தாலும் பெடல் இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். கதவு மூடினால்தான் ஊசி விலகும். அதற்குப் பிறகுதான் மேலே நிற்கிற நாற்பது டன் கீழே வரும்.

பழைய சைக்கிள் பிரேக் கேபிளை வைத்து அந்தக் கதவையும் ஊசியையும் யோசித்துச் செய்தவள் வனஜா. கதவு திறக்கும்போது அதே கேபிள் ஒரு சின்னத் தகட்டை இழுத்து, அச்சில் கிடக்கிற பீஸைத் தட்டுக்குத் தள்ளிவிடும். கையை உள்ளே விடும் வேலையே இல்லை. முன்பு ஒரு பீஸுக்குப் பதினெட்டு செகண்ட் ஆனது. அதற்குப் பிறகு பதின்மூன்று.

கம்பெனிச் சுவரில் 'சந்தானம் கேட்' என்று பெயர் எழுதி ஒட்டினார்கள். பக்கத்தில் லைன் சூப்பர்வைசர் சந்தானத்தின் படம். சந்தானம் வனஜாவின் சொந்த அண்ணன். அன்று சாயங்காலம் அவன் பேடா வாங்கி வந்து வீட்டில் எல்லாருக்கும் கொடுத்தான். வனஜாவும் சாப்பிட்டாள்.

இன்று அந்தக் கதவைப் பார்க்க, பீஸ் வாங்குகிற கார் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார்.

ஆகுர்டியில் இரண்டாம் மாடி வீடு. விடிகாலை ஐந்தரை. சந்தானம் கண்ணாடி முன்னால் நின்று புது ஷூவுக்கு லேஸ் கட்டினான். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"திஸ் இஸ் மை ஹம்பிள் ஐடியா, சார். மை ஹம்பிள் ஐடியா."

ஹாலில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ராஜஸ்ரீ கொட்டாவி விட்டாள். வனஜாவின் மகள், பத்தாவது படிக்கிறாள். "பஸ் ஜாலா, போதும் மாமா! அந்த லைன் எனக்கே பாடம் ஆயிடுச்சு. நான் வந்து சொல்லட்டா?"

"உங்கம்மா மாதிரியே வாய்."

"அம்மாவுக்கு எங்க வாய் இருக்கு?"

வனஜா மகளை முறைத்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அந்த ஊசி எங்க?"

"எந்த ஊசி?"

"நாலாம் நம்பர்ல பெடலுக்குக் கீழ இருந்தது."

சந்தானம் அடுத்த ஷூவை எடுத்தான். "அது இருந்தா கதவு முழுசா மூடற வரைக்கும் காத்திருக்கணும். இல்லைன்னா ஒம்போது செகண்ட்ல பீஸ் வருது. ஒம்போதுன்னு ஸ்லைடுல போட்டாச்சு. மேனேஜர் மேடம் பாத்துட்டாங்க. இனிமே பதின்மூணுன்னு சொன்னா என்ன நெனைப்பாங்க?"

"ஊசி இல்லாம கை உள்ள போனா?"

"கை எதுக்கு உள்ள போகுது? அதான் தகடு தள்ளுதே."

"பீஸ் ஒட்டிக்கிச்சுன்னா தள்ளாதுண்ணா. பத்துக்கு ஒண்ணு ஒட்டும். எண்ணெய் கம்மியா இருந்தா அஞ்சுக்கு ஒண்ணு. ஒட்டினா கை தானா போகும். கால் பழக்கத்துல மிதிச்சிடும்."

"இருபது பீஸ் வனஜா. மொத்தமே இருபது. அவர் பாத்துட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவாரு. நாளைக்கே ஊசியப் போட்டுடறேன். போதுமா?"

போதாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சமையலறையில் அண்ணி ஸ்ரீவித்யா மூன்று டப்பாவில் அவல் போஹா அடைத்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "இந்த வாரம் பர்மனென்ட் லிஸ்ட் போகுதாமே. உன் பேரை அவர்தான் எழுதியிருக்காரு. இன்னைக்கு ஒரு நாள் அனுசரிச்சுப் போயிடு வனஜா."

"அனுசரிச்சுதானே அண்ணி போறேன்."

"தெரியும். அதான் உங்கிட்ட சொல்றேன். அவர்கிட்ட சொல்ல முடியுமா?"

புருஷன் ஓசூரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டபின் வனஜா மகளோடு இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. யாரும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் கஷ்டம். திட்டுகிற வீடாக இருந்தால் கோபித்துக்கொண்டு கிளம்பலாம். சோறு போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, தீபாவளிக்குப் புடவையும் எடுத்துத் தருகிற வீட்டிலிருந்து எந்தக் காரணம் சொல்லிக் கிளம்புவது?

கம்பெனி பஸ் ஆறரைக்கு வந்தது. அண்ணன் முன் சீட்டில் மேஸ்திரிகளோடு உட்கார்ந்தான். தங்கை பின்னால் காண்ட்ராக்ட் பெண்களோடு.

பிரஸ் ஷாப்பில் நுழைந்ததும் ஒரே சிரிப்பு. இரண்டாம் நம்பர் மெஷினில் டேனியல் உட்கார்ந்து பீஸ் அடித்துக்கொண்டிருந்தார். மெயின்டெனன்ஸ் இன்சார்ஜ். ஐம்பத்திரண்டு வயது. தொப்பை பெடலுக்குக் குறுக்கே வந்தது.

"டேனியல் சேட், எங்க கூலியை நீங்க வாங்கிக்கப் போறீங்களா?" என்று மராட்டியில் கேட்டாள் ஒருத்தி.

"பாதி உனக்கு. முதல்ல எண்ண விடு."

மெஷின் உடம்பில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. எண்பத்தைந்து வரை வந்திருந்தது. நேற்று ஞாயிறு என்றாலும் வந்து அந்த மெஷினில் ஒரு ஸ்பிரிங் மாற்றினார். வெறும் ஸ்பிரிங்தான். ஆனால் அந்த ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. மெஷினில் யார் என்ன மாற்றினாலும், மாற்றினவர்தான் உட்கார்ந்து முதல் நூறு பீஸ் ஓட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர் கை அதில் படலாம். அதற்கென்று ஒரு ஷீட் இருக்கிறது. ஓட்டினவர் கையெழுத்து, கீழே டேனியல் கையெழுத்து.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்த வழக்கம். யாரும் உத்தரவு போடவில்லை. ஒரு விபத்துக்குப் பிறகு டேனியல் தானே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எழுதிவைத்தது பிறகுதான்.

நூறு முடிந்ததும் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வனஜாவைப் பார்த்ததும் ஒரு தாளோடு வந்தார்.

"வனஜாம்மா, நான் லீவுல இருந்தப்ப நாலாம் நம்பர் ஷீட் வந்திருக்கு. நூறு பீஸ் ஓட்டினது சந்தானம்னு கையெழுத்து இருக்கு. இன்னைக்கு ஆய்வுக்கு என் கையெழுத்தும் வேணுமாம்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அவர்தான் ஓட்டினாரா?"

அந்த நூறையும் ஓட்டியது வனஜா. ஊசி இருந்தபோது ஓட்டினாள். ஓட்டி முடித்ததும் அண்ணன் வந்து பெயர் எழுதினான்.

சுற்றிலும் ஆறு பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூடப் பிறந்தவனை ஆறு பேர் முன்னால் எப்படி விட்டுக்கொடுப்பது?

"ஆமாண்ணே. அண்ணன்தான் ஓட்டினாரு."

"நீ பாத்தியா?"

"பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்ப சரி. நீ சொன்னா சரிதான்." பேனாவை எடுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வனஜாவின் ஒரு வார்த்தை. அது வெளியே வந்ததும் அந்தத் தாளில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்குக் கார் கம்பெனி ஆய்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த தலை. கூடவே ஃபாக்டரி மேனேஜர் காளே மேடம். சந்தானம் முன்னால் நடந்தான். புது ஷூ கிரீச் கிரீச் என்றது.

ஒத்திகை பார்த்த வாக்கியத்தை அவன் தடங்கலில்லாமல் சொன்னான். கார்டுபோர்டில் கதவு படம் காட்டினான். பதினெட்டு செகண்ட், ஒன்பது செகண்ட் என்று விரல் விட்டுக் காட்டினான். பாதுகாப்பு என்ற சொல் நாலு தடவை வந்தது. பிறகு தங்கையைப் பார்த்துத் தலையசைத்தான்.

வனஜா உட்கார்ந்தாள். தகடு வை. மிதி. கதவு. பீஸ் தட்டில் விழுந்தது. ஒன்று.

இரண்டு. மூன்று. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு. ஐந்து.

ஆறாவது பீஸ் அச்சில் ஒட்டிக்கொண்டது. தள்ளும் தகடு மேலே வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. அவளுடைய வலது கை யோசிக்காமல் உள்ளே கிளம்பியது. அதே நொடியில் கால் கட்டைவிரல் பெடலில் அழுந்துவது தெரிந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். காலை எடுத்துப் பின்னால் வைத்தாள். இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன?" சந்தானம் குனிந்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, குரல் மட்டும் வேறு. "ஓட்டு வனஜா. எல்லாரும் பாக்கறாங்க."

"முடியலண்ணா."

"இன்னும் பதினாலுதான்டி. ஓட்டு."

"கை போகுதுண்ணா. கால் மிதிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

சந்தானம் நிமிர்ந்து, சிரித்தபடி ஹிந்தியில் சொன்னான். "பயந்துட்டாங்க சார். லேடீஸ். பெரிய ஆளுங்களப் பாத்ததும் கை நடுங்குது."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நூறு பீஸ் ஓட்டினது நீங்கதானே? நல்ல பழக்கம் இது. வேற எந்தக் கம்பெனியிலும் நான் பாக்கல." ஸ்டூலைக் காட்டினார். "ஒரு பத்து பீஸ் நீங்களே ஓட்டிக் காட்டுங்க. அவங்க பாவம், விடுங்க."

மரியாதையாகத்தான் கேட்டார். மறுக்க வழியில்லை.

வனஜா எழுந்தாள். சந்தானம் உட்கார்ந்தான். சூப்பர்வைசர் ஆகி ஆறு வருஷமாக அந்த ஸ்டூலில் அவன் உட்கார்ந்ததில்லை. புது ஷூ பெடலின் மேல் அகலமாக இருந்தது. எங்கே பெடல் முடிகிறது என்று காலுக்குத் தெரியவில்லை.

அச்சில் ஒட்டிய பீஸ் அப்படியே கிடந்தது. முதலில் அதை எடுக்கவேண்டும்.

கதவு திறந்திருந்தது. சந்தானம் கையைத் தூக்கினான். கை கதவு வரைக்கும் போய் நின்றது.

மேலே நாற்பது டன் எண்ணெய் மினுக்கத்தோடு தொங்கியது. அவன் விரல்கள் உள்ளே போகவில்லை. ஒரு தடவை கையைத் திருப்பிக்கொண்டான், மறுபடி தூக்கினான். போகவில்லை. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்குவரை வந்தது. ஒன்பது செகண்ட் ஆனது. முப்பது ஆனது. ஒரு நிமிஷமும் ஆகியிருக்கும். ஷாப்பில் மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெண்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"போதும், எழுந்திரிங்க சந்தானம்," என்றார் டேனியல். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து, ஒரு குச்சியால் அந்தப் பீஸைத் தட்டி எடுத்தார். அவனைப் பார்க்காமலே தோளைத் தட்டினார். "எழுந்திரிங்க. ஒண்ணுமில்ல."

ஆய்வாளர் இதற்குள் குனிந்து, பெடல் மேல் இருந்த தகரமூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே டார்ச் அடித்தார். ஓர் ஓட்டை தெரிந்தது. அதன் விளிம்பு தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஏதோ ஒன்று அங்கே தினமும் போய்வந்திருக்கிறது.

"இங்க என்ன இருந்தது?"

சந்தானம் தன் ஷூவைப் பார்த்தான்.

"சரி." டார்ச்சை அணைத்தார். "இந்த மெஷின் ஓட வேண்டாம். இதை எடுத்தது யாருன்னு நாலு மணிக்குள்ள எழுத்துல வேணும், மேடம்."

சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் பின்னால், காலி டிரம்கள் அடுக்கியிருக்கிற இடத்தில் சந்தானம் காத்திருந்தான். வனஜா டப்பாவைத் திறக்காமலே கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீ எடுத்தேன்னு எழுதிக் குடுத்திடு."

வனஜா டப்பாவை ஒரு டிரம் மேல் வைத்தாள்.

"துடைக்கறப்ப விழுந்துச்சு, திருப்பி மாட்ட மறந்துட்டேன்னு எழுது. அவ்வளவுதான். உனக்கு ஒரு வார்னிங் குடுப்பாங்க. நான் எடுத்தேன்னா என்னை வெளியவே அனுப்பிடுவாங்க. நான் போனா வீடு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"டேனியல் அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காரே."

"அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ். அவரை யாரு கேக்கப் போறா?"

"கேப்பாங்கண்ணா."

"வனஜா." அவன் குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை, அவளுக்குத் தெரியும். "ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பையும் புள்ளையுமா உக்காந்திருந்தியே. ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில நின்னுக்கிட்டே வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

"நீதான்."

"மறந்துட்டியா?"

"மறக்கலண்ணா. மறக்க முடிஞ்சா எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்ல."

அவன் செல்போனை நீட்டினான். "இந்தா, உங்க அண்ணி பேசணுமாம்."

வனஜா காதில் வைத்தாள்.

"அவர் பக்கத்துல இருக்காரா?" ஸ்ரீவித்யாவின் குரல் கிசுகிசுத்தது. "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு."

"ஆமா அண்ணி."

"சனிக்கிழமை போட்டிருந்த பேண்ட்டை இப்பதான் துவைக்க எடுத்தேன். பாக்கெட்ல ஒரு கம்பி. சுண்டுவிரல் அளவு. அதானா?"

"ஆமா."

ஸ்ரீவித்யாவுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. "அரிசி டப்பாக்குள்ள போட்டு வச்சிருக்கேன். தூக்கிப் போடலாம்னுதான் எடுத்தேன். ஏன் வச்சேன்னு எனக்கே தெரியல." திடீரென்று குரலை உயர்த்தினாள், அவனுக்கும் கேட்கிற மாதிரி. "அவர் சொல்றபடி எழுதிக் குடுத்திடு வனஜா. நமக்கு வேற வழி என்ன இருக்கு? சாப்பிட்டியா?"

"இல்ல அண்ணி."

"சாப்பிடு." போன் வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குக் காளே மேடம் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏசி குளிரில் வனஜா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மேஜைக்கு இந்தப் பக்கம் சந்தானமும் டேனியலும் உட்கார்ந்திருந்தார்கள். அவளை உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

மேடம் ஹிந்தியில் டேனியலிடம் கேட்டார். "ஷீட்ல உங்க கையெழுத்து எப்படி வந்தது? சந்தானம் அந்த மெஷினை ஓட்டினவர் இல்லைன்னு இன்னைக்கு எல்லாரும் பாத்தாங்க."

வனஜாதான் சொன்னாள் என்று அவர் கையை நீட்டினால் போதும். நியாயமும்தான்.

"நான் பாக்காம போட்டேன் மேடம்," என்றார் டேனியல். "மூடியைக் கழற்றிப் பாத்திருக்கணும். அவசரத்துல பாக்கல."

"அவர் ஓட்டினார்னு யாராவது சொன்னாங்களா?"

"யார் சொன்னாலும் பாக்க வேண்டியது என் வேலை. என் தப்புன்னு எழுதிக்கோங்க. அந்த இடத்துல ஒரு பொண்ணு கை போயிருந்தா, யாரு என்ன சொன்னாங்கன்னு பேசிட்டு இருப்போமா?"

அவர் வனஜா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளை வனஜா முன்னால் தள்ளினார். "தாயி, அதை எடுத்தது நீதான்னு உங்க அண்ணன் சொல்றாரு. தெரியாம நடந்ததுன்னும் சொல்றாரு. அப்படின்னா அதை உன் கையால எழுதிக் குடு." பக்கத்தில் இருந்த இன்னொரு தாளைத் தட்டினார். "இது பர்மனென்ட் லிஸ்ட். அஞ்சு மணிக்கு ஹெட் ஆபீஸுக்குப் போகும். உன் பேரு ஏழாவதா இருக்கு. இந்த விஷயம் இன்னைக்கே முடிஞ்சா எல்லாருக்கும் நல்லது."

முடிப்பது. எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். மேடத்துக்கு நாலு மணிக்கு முன்னால் ஒரு தாள் வேண்டும். அண்ணனுக்கு வேலை வேண்டும். அண்ணிக்கு வீடு வேண்டும். அவளுக்கும்தான் அந்த ஏழாவது இடம் வேண்டும். மகள் பத்தாவது முடிக்கும்போது சொந்தமாக ஒரு ரூம் பார்த்துப் போய்விடலாம் என்று மூன்று வருஷமாகக் கணக்குப் போட்டவள். வெளியே போகிற கதவும் அந்தத் தாளில்தான் இருந்தது. உள்ளே பூட்டுகிற பூட்டும் அதே தாளில்.

"எனக்கு ஹிந்தி எழுத வராது மேடம். தமிழ்லதான் எழுதத் தெரியும்."

"பரவாயில்ல. உன் பாஷையிலேயே எழுது. கையெழுத்து உன்னுதா இருந்தா போதும்."

சந்தானத்தின் தோள் தளர்ந்தது. தமிழில் எழுதினால் இன்னும் நல்லது, எந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்பது அவன் கையில் இருக்கும். மேஜையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவனே அவளிடம் கொடுத்தான்.

வனஜா எழுதினாள். அவசரப்படவில்லை. ஓர் இடத்தில் அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். டேனியல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பெயரை முழுசாக எழுதி, தேதி போட்டு, தாளை மேடத்திடம் நீட்டினாள்.

மேடம் புரட்டிப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. டேனியலிடம் கொடுத்தார்.

டேனியல் தலையை ஆட்டினார். "தமிழ் பேசத்தான் வரும் மேடம். இங்க தாபோடியில பொறந்து மராட்டி ஸ்கூல்ல படிச்சவன். எழுத்து ஒண்ணும் தெரியாது."

"அப்ப சந்தானம், நீங்க படிங்க. ஒவ்வொரு வரியா ஹிந்தியில சொல்லுங்க. நான் டைப் பண்ணிக்கறேன்."

சந்தானம் தாளை வாங்கினான். முதலில் மனசுக்குள் படித்தான்.

'நான்காம் நம்பர் பிரஸ்ஸில் முதல் நூறு பீஸ் ஓட்டியது நான். அண்ணன் ஓட்டினார் என்று இன்று காலை டேனியல் அண்ணனிடம் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஊசியை எடுத்தது நான் இல்லை. எடுத்தவர் கெட்டவர் இல்லை. என்னையும் என் பிள்ளையையும் தெருவிலிருந்து கூட்டி வந்தவர். இன்று காலை அவர் கை அந்த மெஷினுக்குள் போகாமல் நின்றதை நான் பார்த்தேன். நாளைக்கு அங்கே வேறு யாருடைய கையும் போகக்கூடாது.

அவர் பெயரை நான் எழுதமாட்டேன். இந்தத் தாளை இப்போது உங்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்தான் அவர்.'

சந்தானம் மறுபடி மேலிருந்து படித்தான். தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். வனஜா பார்வையைத் தாழ்த்தவில்லை. அழவும் இல்லை. அவனிடம் கேட்பதற்கு அவளுக்கு இனிமேல் ஒன்றும் இல்லை. எழுத வேண்டியதை எழுதிவிட்டாள். அது என்ன ஆகவேண்டும் என்பது அவன் வாயில் இருந்தது.

அவன் என்ன சொன்னாலும் அந்த அறையில் மறுத்துப் பேச ஆள் இல்லை. வனஜா மறுக்கமாட்டாள். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"என்ன சந்தானம்?" மேடத்தின் விரல்கள் கீபோர்டில் காத்திருந்தன. "கையெழுத்து புரியலையா?"

"புரியுது மேடம்."

"அப்ப சொல்லுங்க. மணி மூணே முக்கால்."

சந்தானம் தாளை மேஜையில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். பிறகு ஹிந்தியில் ஆரம்பித்தான்.

"மேடம், இதுல என் தங்கச்சி எழுதியிருக்கறது என்னன்னா..."